புள்ளியில் தடுக்கும் நாக்கு

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'பக்கம்' என்ற சொல்லைக் காட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "ப... இக்... க... இம்..." சரி, சேர்த்துச் சொல்லு என்றால் பிள்ளை விழிக்கும். துணிச்சல்காரப் பிள்ளை "பயிக்கயிம்" என்று சொல்லிப் பார்க்கும். பிறகு மேலே இருக்கும் படத்தைப் பார்க்கும், டீச்சர் முகத்தைப் பார்க்கும், வாய்க்கு வந்த ஒரு சொல்லை வீசிப் பார்க்கும்.

நான்கு எழுத்தும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொல் கூடவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லிலேயே இல்லாத இரண்டு 'இ' நடுவில் புகுந்துவிட்டன. க் என்பதை 'இக்' என்றும் ம் என்பதை 'இம்' என்றும் சொல்லித்தான் நாம் எல்லோரும் படித்தோம். அப்படிச் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணமும் உண்டு. க், ட், ப் போன்ற ஒலிகளை எந்த உயிரின் துணையும் இல்லாமல் உரக்கச் சொல்ல யாராலும் முடியாது.

தமிழ் படிக்கத் தொடங்கும் குழந்தையின் முதல் எதிரி 247 என்ற எண்ணிக்கை என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். இந்த அத்தியாயம் சொல்லப்போவது வேறு. எதிரி அந்த எண்ணிக்கை அல்ல, புள்ளி வைத்த 18 எழுத்துகள். அவற்றைக் கடக்கும் வழியும் தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

வெட்ட முடியாத ஒலி

1940களில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்கு அச்சுப் புத்தகத்தை ஒலியாக மாற்றித் தரும் கருவியைச் செய்ய வேண்டும். திட்டம் எளிமையாகத்தான் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஒலியைக் கருவி எழுப்பும், கேட்பவர் அந்த ஒலிகளைப் பழகிக்கொள்வார். கருவி ஒலித்தது, ஆனால் கேட்டவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. தந்தி அடிக்கும் மோர்ஸ் குறிகளின் வேகத்தைத் தாண்டினால் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் இரைச்சலாகிவிட்டன. சாதாரணப் பேச்சில் நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் ஓடுகின்றன, அதை நாம் சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறோம். இது எப்படி?

அங்கிருந்த ஆல்வின் லிபர்மனும் அவருடைய சகாக்களும் அடுத்த இருபது ஆண்டுகள் இந்தக் கேள்விக்குப் பின்னால் போனார்கள். 'டி', 'டு' என்று பேசிய ஒலியைப் படமாக்கிப் பார்த்தார்கள். காதுக்கு இரண்டிலும் தொடக்கத்தில் ஒரே ட் தான் கேட்கிறது. படத்திலோ ஒன்றில் ஓர் ஒலிப்பட்டை மேலேறுகிறது, மற்றொன்றில் கீழிறங்குகிறது. பதிவின் பின்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி உயிரை நீக்கிப் பார்த்தால், ட் மட்டும் எந்த இடத்திலும் மிஞ்சுவதில்லை. உயிர் ஒட்டிய 'டி' கேட்கும். இன்னும் வெட்டினால் பறவை கீச்சிடுவது போன்ற ஓசை கேட்கும். பேச்சில் ஒலிகள் சரத்தில் தொடுத்த பூக்களாக வரிசையில் நிற்கவில்லை. மெய்யை ஒலிக்கும்போதே வாய் அடுத்த உயிருக்குத் தயாராகிவிடுகிறது. ஒரே கணத்தில் இரண்டின் செய்தியும் சேர்ந்தே வருவதால்தான் பேச்சுக்கு அவ்வளவு வேகம். 1967இல் லிபர்மன் குழு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை விரிவாக நிறுவியது.

ஆல்வினின் மனைவி இசபெல் லிபர்மன் இதிலிருந்து குழந்தைகளுக்கான கேள்வியை எடுத்தார். பேச்சில் தனியாக இல்லாத ஒன்றைத்தான் எழுத்து தனியாக எழுதிக் காட்டுகிறது. அப்படியானால் சின்னப் பிள்ளைக்கு அது கேட்குமா? 1974இல் அவரும் டொனால்ட் ஷேங்க்வைலர் உள்ளிட்ட சகாக்களும் வெளியிட்ட சோதனை ஒரு விளையாட்டு. ஒரு சொல்லைச் சொன்னதும் அதில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை முறை பிள்ளை குச்சியால் மேசையைத் தட்ட வேண்டும். ஒரு குழு அசைகளை எண்ணியது, இன்னொரு குழு தனித்தனி ஒலிகளை எண்ணியது. நர்சரிப் பிள்ளைகளில் 46 சதவீதம் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். ஒலிகளைத் தட்டியவர் ஒருவர்கூட இல்லை. முதல் வகுப்பு முடிவில் அசைக்கு 90, ஒலிக்கு 70 சதவீதம்.

வயது ஏறினால் இது தானாக வந்துவிடுமா? 1979இல் ஜோசே மொராயிஸ் குழு போர்த்துக்கலின் கிராமப்புறத்தில் எழுத்தறியாத பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தது. ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மீதியைச் சொல்லுங்கள் என்றால் அவர்களில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். அதே ஊர்ப்புறத்தில், வளர்ந்த பிறகு முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு அது எளிதாக இருந்தது. ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காது வயதால் வருவதில்லை, எழுத்துப் பழகித்தான் வருகிறது.

தமிழுக்கு வாய்த்த வசதி

இந்த ஆய்வுகளைத் தமிழ்க் கண்ணால் பார்த்தால் ஒரு நல்ல செய்தி தெரியும். பிள்ளைக்கு இயல்பாகக் கேட்பது அசை. தமிழின் உயிர்மெய் எழுத்தோ பெரும்பாலும் ஓர் அசையின் அளவு. 'ம' என்ற எழுத்தைப் பார்த்து 'ம' என்று சொல்ல எதையும் பிளக்கத் தேவையில்லை. ஆங்கிலம் படிக்கும் குழந்தைக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே மூன்றெழுத்துச் சொல்லிலேயே ஒலியைப் பிளந்தாக வேண்டும், எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தமும் நிலையில்லை. ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு ஃபிலிப் சீமர் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியின் முதல் ஆண்டு முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் எளிய சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாகப் படித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் 34 சதவீதத்தைத்தான் படித்தார்கள்.

அசையெழுத்துக்கும் ஒரு விலை உண்டு. சொனாலி நாக் கன்னடப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் எழுத்துத் தொகுதி முழுவதையும் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியது. எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் வந்த தாமதம் அது. தனி ஒலியைப் பிரித்தறியும் திறனும் அங்கே மெதுவாகவே வளர்கிறது. கன்னடத்தில் மெய்யோடு மெய் சேர்ந்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒத்தெழுத்துகள் வரும். தமிழில் அந்தச் சுமை இல்லை, ஒரு புள்ளி போதும். எழுத்துகளின் எண்ணிக்கையும் முதல் பார்வையில் தோன்றும் அளவுக்குப் பயமுறுத்துவதல்ல. கா, கி, கீ, கெ, கே, கை எல்லாம் விதிப்படி வருபவை. கு, சு, து, நு என்று மனம்போல உருமாறும் உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளைத்தான் பெரும்பாலும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வரும் 'கெ', இரண்டு பக்கமும் குறி நிற்கும் 'கொ' ஆகியவை கொஞ்ச நாள் தொல்லை கொடுக்கும், பிறகு பழகிவிடும்.

கன்னடத்தின் ஒத்தெழுத்துக்குப் பதில் நமக்குக் கிடைத்தது புள்ளி. பிள்ளை முதன்முதலாக ஓர் அசையைப் பிளக்க வேண்டிய இடமும் அதுதான்.

புள்ளி இல்லாத காலம்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்துவிட்டது. எ, ஒ என்ற குறில்களுக்கும் அது புள்ளியை விதித்தது. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. அதனால் ஓலையில் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றே. நெருப்பா, நீர்நிலையா என்பதை வாசிப்பவர் சூழலைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். மெய்யா உயிர்மெய்யா என்பதும் அப்படித்தான். மொழியையும் நூலையும் முன்பே அறிந்தவருக்குத்தான் அந்த ஓலை பேசும்.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர, ஒகர நெடில்களுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். அச்சு வந்த பிறகு புள்ளி நிலைபெற்றது. பெரியார் தம் ஏடுகளில் நீண்ட காலம் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் விதிக்கு வந்தன. இந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. வாசிப்பவரின் ஊகத்தைக் குறைத்து, சொல்லின் ஒலி முழுவதையும் எழுத்திலேயே வைத்தது. இன்றைய ஆறு வயதுப் பிள்ளை, தான் இதுவரை எழுத்தில் பார்த்திராத ஒரு சொல்லையும் கூட்டிப் படித்துவிடலாம். ஓலைச்சுவடிக் காலத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

'இ'யைக் கடன் வாங்காமல்

புள்ளி எழுத்தைத் தனியே சொல்ல முடியாது என்றால் எப்படித்தான் கற்பிப்பது? விடை யாப்பிலக்கணத்தில் இருக்கிறது. அசை பிரிக்கும்போது புள்ளி எழுத்தான ஒற்றை யாரும் தனியே எண்ணுவதில்லை, முன்னெழுத்தோடு சேர்த்துத்தான் பிரிக்கிறோம். பக்/கம்: நேர் நேர், தேமா. புத்/தகம்: நேர் நிரை, கூவிளம். புலவர் செய்யுளை அளக்கும் இந்தப் பிரிப்பு, பிள்ளையின் காது இயல்பாகச் செய்யும் பிரிப்பை ஒத்திருக்கிறது. எனவே விதி சுருக்கமானது: புள்ளி எழுத்தைக் கண்டால் நிற்காதே, முந்தைய எழுத்தோடு ஒட்டிச் சொல். 'ப, இக், க, இம்' என்று நான்கு துண்டாக வேண்டாம். 'பக், கம்' என்று இரண்டு துண்டு போதும். 'இக்' என்று சொல்லும்போது இ என்ற உயிரை வெளியிலிருந்து கடன் வாங்குகிறோம், கூட்டும்போது அதைக் கழித்துவிட வேண்டியிருக்கிறது. சொல்லிலேயே இருக்கும் உயிரைப் பயன்படுத்தினால் கழிக்க ஒன்றுமில்லை.

இதற்கு வேண்டிய பாடம் பல அரிச்சுவடிகளின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா. அதன் கீழே அப்பா, அக்கா, அண்ணா, அத்தை என்று எழுதிப் பாருங்கள். ஐந்தும் பிள்ளை நாள் முழுதும் கூப்பிடும் சொற்கள், ஐந்தும் அகரத்தில் தொடங்குகின்றன. அம்-மா, அப்-பா, அக்-கா, அண்-ணா, அத்-தை. முதல் துண்டுகளை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொன்னால், அம், அப், அக், அண், அத், அ மாறாமல் நிற்க, பின்னால் வருவது மட்டும் மாறுகிறது. உதடு மூடுகிறது, தொண்டை அடைக்கிறது, நாக்கு மேலே தொடுகிறது, பல்லைத் தொடுகிறது. மெய் என்பது இதுதான் என்று பிள்ளை தன் வாயிலேயே தொட்டு உணர்கிறது. இரட்டித்து வருவதால் ஒலி காதில் அழுத்தமாகவும் விழுகிறது.

இரட்டிப்பில் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமாக முதலில் வரும் 'மரம்', 'படம்' போன்ற சொற்களின் இறுதி ம் நம் பேச்சில் முழுதாக ஒலிப்பதில்லை. உதடு மூடுவதற்குள் உயிர் மூக்கொலியாகி முடிந்துவிடுகிறது. 'அவன்' என்பதன் இறுதி ன்-உம் அப்படித்தான். பிள்ளை தன் காதில் கேட்காத ஒலியைத் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் அப்பா, பிறகு படம்.

அடுத்த படி, புள்ளி பொருளை மாற்றும் இணைகள்: எடு, எட்டு. பாடு, பாட்டு. கடை, கட்டை. மூன்றாவது படியில் எழுத்துகளைக் குறைத்துச் சொற்களைக் கூட்டலாம். ட, ப, ம என்ற மூன்றையும் புள்ளியையும் மட்டும் வைத்துக்கொண்டே படம், மடம், பட்டம், மட்டம், படபட என்று போகலாம். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வர வேண்டும் என்பதில்லை. மூன்று எழுத்து தெரிந்த அன்றே பிள்ளை வாசகராகிவிடலாம்.

சொல் நீண்டால் நினைவு காலைவாரும். 'பு, த், த, க, ம்' என்று ஐந்தாக உடைத்தால் ம் வரும்போது பு மறந்துபோகும். புத், புத்தக, புத்தகம் என்று ஒவ்வொரு துண்டையும் முன்பு சொன்னதோடு சேர்த்தே வளர்த்தால் நினைவில் தாங்க வேண்டியது ஒரே துண்டுதான்.

இழுத்தால் 'பல்' 'பால்' ஆகும்

ஒலிகளுக்கு நடுவே நிறுத்தாமல் இழுத்துச் சேர்த்துச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கூட்டுகிறார்கள் என்று லின்னியா ஏரியும் செலெனிட் கோன்சாலெஸ்-ஃப்ரேயும் ஆங்கிலத்தில் கண்டார்கள். தமிழில் இதை அப்படியே செய்தால் வம்பு. உயிரை இழுத்தால் குறில் நெடிலாகிவிடும். பல் பாலாகும், கல் காலாகும், படி பாடியாகும். தமிழிலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்து வைத்திருக்கிறது. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று அதற்கு அளவும் சொல்லியிருக்கிறது. அந்த அளவையே வகுப்பில் பயன்படுத்தலாம். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. இழுக்க வேண்டுமென்றால் மெய்யை இழுக்கட்டும். ம், ன், ல் ஆகியவை மூச்சுள்ள வரை நீளும். அதனால் 'மல்லி', 'மலை' போன்ற சொற்கள் கூட்டிப் பழக வசதியானவை.

எழுத்து சொல்வதும் வாய் சொல்வதும்

'பகல்' என்பதை ஒரு பிள்ளை 'கல்'லில் வரும் வல்லோசையோடு 'பக்கல்' போலப் படிக்கிறது. பிறகு ஒரு கணம் தயங்கி, தானே திருத்திக்கொண்டு சரியாகச் சொல்கிறது. அந்த ஒரு கணத்தில் பெரிய வேலை நடந்திருக்கிறது. கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே க. ஒலி மூன்றிலும் வேறு. மொழி முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் மெல்லோசை, உயிர்களுக்கு நடுவே இன்னும் தேய்ந்த ஓசை. இந்த விதியைப் பிள்ளைக்கு யாரும் கற்பிப்பதில்லை, கற்பிக்கவும் வேண்டியதில்லை. எழுத்திலிருந்து ஏறத்தாழச் சரியான ஒலியை எட்டினால், தான் ஏற்கெனவே பேசும் சொல்லுக்கு அது தாவிக்கொள்ளும். அந்தத் தாவலுக்குச் சொல்வளம் வேண்டும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளை எழுத்துக்கூட்டுவதிலும் முந்துவதற்கு இது ஒரு காரணம்.

சில இடங்களில் பாடநூலே இந்தத் தாவலுக்குக் குறுக்கே நிற்கிறது. 'இ'க்கு இலை, 'உ'க்கு உரல் என்று பரம்பரையாகப் படம் போடுகிறோம். பிள்ளை வீட்டில் சொல்வதோ எலை, ஒரல். குடை என்றால் கொடை, இடம் என்றால் எடம். இலைப் படத்தைக் காட்டி முதல் ஒலி என்ன என்று கேட்டால், 'எ' என்று சொல்லும் பிள்ளைதான் காதைச் சரியாகப் பயன்படுத்தும் பிள்ளை. அதற்குத் தப்பு போடுகிறோம். அரபு பேசும் பிள்ளைகளிடம் எலினோர் சயேக்-ஹத்தாத் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலி பள்ளி மொழியில் வந்தால், அதைப் பிரித்தறிவது கடினமாகிறது. தீர்வுக்குப் பணமோ திட்டமோ தேவையில்லை. 'இ'க்கு இட்லி அல்லது இஞ்சி, 'உ'க்கு உப்பு என்று மாற்றினால் போதும். இலையும் உரலும் எழுத்து பிடிபட்ட பிறகு வரட்டும்.

கூட்டுவது எப்போது நிற்கும்?

ஊகித்துப் படிப்பதும் கூட்டிப் படிப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். 1984இல் ஏரியும் சகாக்களும் எழுத்தறியாத சின்னப் பிள்ளைகளிடம் பெப்சி முத்திரையைக் காட்டினார்கள். முதல் எழுத்தை மாற்றி வேறெழுத்து வைத்த பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பெப்சி என்றே படித்தார்கள். நம் வகுப்புகளில் பாடம் முழுவதையும் ஒப்பிக்கும் பிள்ளையின் விரல் ஒரு வரியிலும் வாய் வேறு வரியிலும் இருப்பதைக் காணலாம். இதைக் கண்டுபிடிக்க இங்கிலாந்தில் 2012 முதல் ஒரு சிறு சோதனை நடத்துகிறார்கள். 40 சொற்களில் 20 சொற்கள் பொருளே இல்லாதவை, பக்கத்தில் ஒரு விநோத விலங்கின் படம் இருக்கும். நாமும் 'டப்பம்', 'பமட்டம்' என்று இரண்டு சொல்லைப் புனைந்து கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். படிக்கும் பிள்ளைக்கு எழுத்து பிடிபட்டுவிட்டது.

அப்படியானால் வாழ்நாள் முழுதும் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? இஸ்ரேலைச் சேர்ந்த டேவிட் ஷேர் 1995இல் சொன்ன விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. பிள்ளை ஒரு சொல்லைத் தானே கூட்டிப் படித்து வெற்றி பெறும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் எழுத்து வரிசை நினைவில் படிகிறது. சில முறை கூட்டினால் போதும், பிறகு பார்த்ததும் தெரியும். ஆசிரியர் எல்லாச் சொல்லையும் கற்பிக்க வேண்டியதில்லை, பிள்ளை தனக்குத் தானே ஆசிரியராகிவிடுகிறது. இந்தப் பழக்கம் மூளையிலும் தடம் பதிக்கிறது. இடது மூளையின் பின்புற அடிப்பகுதியில் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பரப்பில் ஒரு பகுதி எழுத்துக்கு ஒதுங்குவதை ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழு காட்டியது. லக்னோ அருகே கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்கள் ஆறு மாதம் இந்தி படித்த பிறகு அவர்களின் மூளையிலும் மாற்றம் தெரிந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது.

பிள்ளை தடுக்கும்போது நாம் முந்திக்கொண்டு சொல்லைச் சொல்லிவிட்டால் இந்தப் படிதல் நடப்பதில்லை. சொல்லின் பின்பாதியை விரலால் மறைத்து, 'புத்' மட்டும் கேட்டு வாங்கி, விரலை மெல்ல நகர்த்துவது மேல். அதற்கு அரை நிமிடம் ஆகும். வீட்டில் பல நேரம் அந்த அரை நிமிடத்துக்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

ஃபிலிப் காஃபும் வில்லியம் டன்மரும் 1986இல் படிப்புத் திறனை ஒரு பெருக்கலாக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். பள்ளிக்கு வரும் தமிழ்ப் பிள்ளை இரண்டாவதைப் பெருமளவு வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறது. சண்டை போடவும் கதை சொல்லவும் அதற்குத் தெரியும். பள்ளி புதிதாகத் தர வேண்டியது முதலாவதை. அதிலும் பாதி வேலையை உயிர்மெய் எழுத்தே செய்துகொடுத்திருக்கிறது. மீதி, அந்த 18 புள்ளிகளைத் தனியே நிற்க விடாமல் முன்னெழுத்தோடு சேர்த்துவிடுவது.